ஒரே சளி, இரண்டு முடிவுகள்: காசநோய்ப் பரிசோதனை பற்றி வாசகர் கேள்விகள்

காசநோய்ப் பரிசோதனை பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் மருந்து எழுதித் தருபவள் அல்ல. காசநோய் ஆய்வகத்தில் ஸ்லைடு பார்த்தும், கல்ச்சர் போட்டும் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) காலம் தள்ளியவள். எந்த மாத்திரை, எத்தனை மாதம் என்று கேட்டிருப்பவர்கள் உங்கள் மருத்துவரிடம் போய்விடுங்கள். ரிப்போர்ட்டில் இருக்கும் வரிக்கு என்ன பொருள் என்று கேட்டிருப்பவர்கள் மட்டும் உட்காருங்கள்.

கேள்வி: என் தாயாருக்குச் சில வாரங்களாக இருமல். சளிப் பரிசோதனையில் ‘கிருமி இல்லை’ என்று வந்தது. அதே வாரம் ஜீன் பரிசோதனை செய்து ‘கிருமி இருக்கிறது’ என்கிறார்கள். எது தவறு?

இரண்டுமே சரியாக இருக்கலாம். ‘கிருமி இல்லை’ என்று எந்த நல்ல ஆய்வகமும் சத்தியம் செய்வதில்லை. ‘தேடிய அளவில் தென்படவில்லை’ என்பதைத்தான் அப்படிச் சுருக்கி எழுதுகிறார்கள். எப்படித் தேடுகிறோம் என்று சொன்னால் புரிந்துவிடும்.

சளியில் மஞ்சளாக, கெட்டியாக இருக்கும் பகுதியைப் பார்த்து எடுத்து, கண்ணாடித் தகட்டில் 2 செ.மீ.க்கு 3 செ.மீ. அளவில் மெல்லியதாகத் தேய்த்து உலர்த்துவோம். அதன்மேல் கார்பால் ஃபக்சின் என்ற சிவப்புச் சாயத்தை ஊற்றி, அடியில் சூடு காட்டுவோம். ஆவி எழ வேண்டும், கொதித்துவிடக் கூடாது. பிறகு 25 சதவீதக் கந்தக அமிலம். பெரும்பாலான பாக்டீரியாக்கள் இதில் சாயத்தை விட்டுவிடும். காசநோய்க் கிருமியின் சுவரில் மைக்காலிக் அமிலம் என்ற மெழுகுப் பொருள் அடர்ந்திருப்பதால், ஏறிய சிவப்பு இறங்காது. கடைசியாக மெத்திலீன் நீலம். நுண்ணோக்கியில் எண்ணெய் வைத்துப் பார்த்தால் நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் குச்சிகள் தெரியும். சில லேசாக வளைந்திருக்கும், சில இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு கிடக்கும். ராபர்ட் காக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் இந்தக் கிருமியை அறிவித்தார். அதையடுத்து சீல், நீல்சன் என்ற இருவர் திருத்தியமைத்த சாயமுறை இது. இன்றும் அவர்கள் பெயரால்தான் அழைக்கிறோம்.

நுண்ணோக்கியில் ஒரு தடவைக்குத் தெரியும் வட்டத்தைப் புலம் என்போம். நெகட்டிவ் என்று எழுதுவதற்கு முன் நூறு புலங்களையாவது பார்த்திருக்க வேண்டும். அந்த நூறில் ஒன்று முதல் ஒன்பது கிருமி இருந்தால் எண்ணிக்கையை அப்படியே எழுதுவோம். 10 முதல் 99 வரை என்றால் ஒரு பிளஸ். ஒவ்வொரு புலத்திலும் ஒன்றிலிருந்து பத்து வரை என்றால் இரண்டு பிளஸ், பத்துக்கு மேல் போனால் மூன்று பிளஸ். ஆனால் ஒரு மில்லிலிட்டர் சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் அந்தத் துளியூண்டு பூச்சில் ஒன்று நம் கண்ணில் படும். கல்ச்சருக்கு 10 முதல் 100 கிருமி போதும். ஜீன் பரிசோதனைக் கருவியான ஜீன்எக்ஸ்பெர்ட்டின் முதல் வடிவத்துக்கு நூற்றுச்சொச்சம், பின்னால் வந்த அல்ட்ராவுக்குச் சுமார் 16. உங்கள் தாயாரின் சளியில் கிருமியின் எண்ணிக்கை இந்த இடைவெளிக்குள் எங்கோ இருக்கிறது. நோய் முற்றுவதற்குள் பிடிபட்டதாகவும் இதை எடுத்துக்கொள்ளலாம்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். ஸ்லைடில் சிவப்புக் குச்சிகள் தெரியும், ஜீன் பரிசோதனையோ ‘இல்லை’ என்று சொல்லும். அமிலத்துக்கு அசையாத உறவுக்காரக் கிருமிகள் மண்ணிலும் தண்ணீரிலும் நிறைய உண்டு. அவற்றில் ஒன்று நோயாளியின் நுரையீரலில் குடியேறியிருக்கலாம். அல்லது ஆய்வகத்தில் ஸ்லைடு கழுவிய குழாய்த் தண்ணீரிலிருந்து வந்திருக்கலாம். சாயத்துக்குக் காய்ச்சி வடித்த நீர்தான் வேண்டும் என்று நாங்கள் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

கேள்வி: கொடுத்த சளியை ‘இது எச்சில்’ என்று திருப்பித் தந்துவிட்டார்கள். வயதான என்னை இப்படி அலையவிடலாமா?

கோபம் வேண்டாம் ஐயா. திருப்பித் தந்தவர் உங்களுக்கு நல்லதுதான் செய்திருக்கிறார். வாங்கி வைத்துக்கொண்டு ‘நெகட்டிவ்’ என்று எழுதி அனுப்புவது அவருக்குச் சுலபம். எச்சிலை எவ்வளவு உயர்ந்த கருவியில் போட்டாலும் எச்சிலைப் பற்றிய முடிவுதான் வரும்.

காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளியுங்கள். காற்றோட்டமான இடத்தில், பக்கத்தில் யாரும் இல்லாதபோது, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து நிறுத்தி மெல்ல விடுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தபின் அடிவயிற்றிலிருந்து இருமுங்கள். தொண்டையைக் காறித் துப்புவது வேறு, நெஞ்சிலிருந்து வருவது வேறு. இழுத்தால் நூல் விடுகிற பிசுபிசுப்போ, மஞ்சள் நிறமோ இருக்க வேண்டும். 3 முதல் 5 மில்லிலிட்டர் இருந்தால் எங்களுக்குக் கொண்டாட்டம். மூடியை இறுக்கித் திருகுங்கள், குடுவையின் வெளிப்புறத்தில் படவிடாதீர்கள். பெயரை மூடியில் எழுதாமல் குடுவையின் பக்கவாட்டில் எழுதுங்கள். மூடியைக் கழற்றி வைத்தால் யாருடையது எது என்று எப்படித் தெரியும்?

உடனே கொடுக்க முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம், உறையவிடக் கூடாது. வெயிலில் வைத்த சளியில் மற்ற கிருமிகள் பெருகிக் கல்ச்சரைக் கெடுத்துவிடும்.

கேள்வி: ‘காசநோய்க் கிருமி கண்டறியப்பட்டது, மிகக் குறைவு, ரிஃபாம்பிசின் எதிர்ப்பு கண்டறியப்படவில்லை’ என்று ரிப்போர்ட் சொல்கிறது. என் தங்கைக்கு ‘டிரேஸ்’ என்று வந்திருக்கிறது. இவற்றுக்கு என்ன பொருள்?

ஜீன்எக்ஸ்பெர்ட் செய்வது இரண்டு வேலை. சளியைக் கரைக்கும் திரவத்தில் கலந்து, கால்மணி நேரம் வைத்து, ஒரு கேட்ரிட்ஜில் ஊற்றி மூடிவிட்டால் மற்றதெல்லாம் உள்ளேயே நடக்கும். கிருமியை உடைத்து, டி.என்.ஏ.வை வெளியே எடுத்து, சுற்றுச் சுற்றாகப் பெருக்கும். சில சுற்றிலேயே அடையாளம் தெரிந்தால் கிருமி நிறைய, பல சுற்றுக்குப் பின் தெரிந்தால் குறைவு. ‘மிகக் குறைவு’ என்பது அந்தக் கணக்கு. நோய் லேசானது என்றோ, சிகிச்சையைத் தள்ளிப்போடலாம் என்றோ அதற்குப் பொருள் இல்லை.

இரண்டாவது வேலை ரிஃபாம்பிசின். இந்த மருந்து கிருமியின் ஆர்.பி.ஓ.பி என்ற ஜீன் உருவாக்கும் புரதத்தில் ஒட்டிக்கொண்டு அதைச் செயலிழக்க வைக்கிறது. அந்த ஜீனில் 81 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு உண்டு. ரிஃபாம்பிசின் எதிர்ப்பில் சுமார் 95 சதவீதம் அந்தத் துண்டில் நேரும் மாற்றத்தால் வருவது. 44 லட்சம் எழுத்துகள் கொண்ட மரபுத் தொகுதியில் இவ்வளவு சின்ன இடத்தில் குற்றவாளி ஒளிந்திருப்பது எங்கள் அதிர்ஷ்டம். இரண்டு மணி நேரத்துக்குள் பதில் கிடைப்பதும் அதனால்தான். உலக சுகாதார நிறுவனம் இந்தச் சோதனைக்கு 2010 டிசம்பரில் ஒப்புதல் தந்தது.

‘டிரேஸ்’ என்பது அல்ட்ராவில் மட்டும் வருவது. கிருமியைத் தேட அல்ட்ரா பயன்படுத்தும் இரண்டு அடையாளங்கள் மரபுத் தொகுதியில் பல பிரதிகளாக இருக்கும். ஆர்.பி.ஓ.பி ஒரே ஒரு பிரதிதான். மிகச் சில கிருமிகளே இருக்கும்போது பல பிரதி உள்ளது அகப்பட்டுவிடும், ஒற்றைப் பிரதி அகப்படாது. எனவே கிருமி உண்டு என்று தெரிகிறது, ரிஃபாம்பிசின் பற்றி எதுவும் தெரியவில்லை. தங்கை சிறு குழந்தை என்றாலோ, எச்.ஐ.வி. இருந்தாலோ, மூளை உறை நீர் போன்ற இடத்திலிருந்து மாதிரி எடுத்திருந்தாலோ டிரேஸையும் நோயாகவே எடுத்துக்கொள்வார்கள். அண்மை ஆண்டுகளில் காசநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர் என்றால் அது செத்த கிருமியின் மிச்சமாகவும் இருக்கலாம். இந்த விவரத்தை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

ஒன்றைக் கவனித்தீர்களா? ரிப்போர்ட்டில் ஐசோனியாசிட் என்ற இன்னொரு முக்கிய மருந்தைப் பற்றிப் பேச்சே இல்லை. ‘எதிர்ப்பு இல்லை’ என்பதை எல்லா மருந்துக்கும் என்று பலர் படித்துவிடுகிறார்கள். கேட்காத கேள்விக்குக் கருவி பதில் சொல்லாது.

கேள்வி: அப்படியானால் ஐசோனியாசிட்டுக்கு என்ன சோதனை? என் ரிப்போர்ட்டில் ‘இன்ஹெச்ஏ மாற்றம்’ என்று இருக்கிறது.

உங்களுக்குச் செய்திருப்பது லைன் புரோப். விரல் அகலம்கூட இல்லாத ஒரு காகிதப் பட்டையில் 27 கோடுகள் தோன்ற இடம் உண்டு. பெருக்கிய டி.என்.ஏ.வை அதன்மேல் ஓடவிட்டால், எது பொருந்துகிறதோ அந்த இடத்தில் ஊதா நிறக் கோடு எழும்பும். இயல்பான ஜீனுக்கான கோடு மறைந்தாலோ, மாறிய ஜீனுக்கான கோடு தோன்றினாலோ எதிர்ப்பு. சில சமயம் இயல்புக் கோடும் இருக்கும், மாற்றக் கோடும் இருக்கும். ஒரே நுரையீரலில் இரண்டு கூட்டம் வாழ்கிறது என்று பொருள். வெளிறிய ஒரு கோட்டை ‘கோடு’ என்பதா, ‘இல்லை’ என்பதா என்று இருவர் ஜன்னல் வெளிச்சத்தில் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதும் எங்கள் தொழிலின் ஒரு பகுதி.

ஐசோனியாசிட்டுக்கு இரண்டு ஜீன்களைப் பார்க்கிறோம். கேட்ஜி மாறியிருந்தால் எதிர்ப்பு பெரும்பாலும் பலமாக இருக்கும். உங்களுக்கு வந்திருக்கும் இன்ஹெச்ஏ மாற்றம் பொதுவாக மிதமான எதிர்ப்பைத் தருவது. மருந்தின் அளவைக் கூட்டினால் பயன் இருக்கக்கூடும் என்று மருத்துவர் யோசிப்பது இதனால். ஆனால் அதே மாற்றம் எத்தியோனமைடு என்ற வேறொரு மருந்தையும் வீணாக்கிவிடும். ‘ஐசோனியாசிட் எதிர்ப்பு’ என்ற இரண்டு சொல்லோடு விடாமல் எந்த ஜீன் என்பதையும் ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: ஜீன் முடிவு அன்றே வருகிறது. கல்ச்சருக்கு ஆறு வாரம், எட்டு வாரம் என்கிறார்கள். இந்தக் காலத்திலும் இவ்வளவு தாமதமா?

தாமதம் கிருமியினுடையது. குடலில் வாழும் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். காசநோய்க் கிருமிக்கு அதற்குச் சுமார் ஒரு நாள் வேண்டும். இதனால் இன்னொரு தொல்லை. சளியில் வாயிலிருந்தும் தொண்டையிலிருந்தும் கலந்த மற்ற பாக்டீரியாக்கள் ஒரே இரவில் ஊடகம் முழுவதையும் தின்று முடித்துவிடும். அவற்றைக் கொல்ல சோடியம் ஹைட்ராக்சைடு சேர்க்கிறோம். காசநோய்க் கிருமி அதைத் தாங்கும், ஆனால் ஓரளவுக்குத்தான். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டிய வேலை இது. சில நிமிடம் கூடினால் நமக்கு வேண்டிய கிருமியும் சாகும், குறைந்தால் வேண்டாதது பிழைக்கும். எந்தக் குழாயும் கெடவே இல்லை என்று ஓர் ஆய்வகம் பெருமை பேசினால் எனக்குச் சந்தேகம் வரும். அங்கே காரத்தைக் கூடுதலாகப் போட்டு நோயாளியின் கிருமியையும் சேர்த்துக் கொல்கிறார்களோ என்று.

முட்டையும் மாலகைட் பச்சையும் சேர்ந்த லோவன்ஸ்டைன்-ஜென்சன் ஊடகத்தில் மூன்று வாரத்துக்கு மேல் காத்திருந்தால், பச்சைச் சரிவின்மேல் வெளிர்மஞ்சள் நிறத்தில் காலிஃபிளவர் போலச் சொரசொரப்பான கூட்டங்கள் எழும். எட்டு வாரம் பார்த்தபின்தான் நெகட்டிவ். எம்ஜிஐடி என்ற திரவக் குழாயில் வேகம் கூடுதல். குழாயின் அடியில் ஆக்சிஜன் இருக்கும்வரை ஒளிராத ஒரு பொருள் வைத்திருக்கிறார்கள். கிருமி வளர்ந்து ஆக்சிஜனைக் குடிக்கக் குடிக்க அது ஒளிரத் தொடங்கும். கருவி மணிக்கொரு முறை பார்த்து, 42 நாள் வரை காத்திருக்கும். மணி அடித்ததும் குழாயைக் கையில் எடுத்துப் பார்ப்போம். அடியில் துகள் துகளாகப் படிந்து மேலே தெளிவாக இருந்தால் முகம் மலரும். முழுவதும் கலங்கியிருந்தால் வேறெதோ புகுந்துவிட்டது, மறுபடியும் காரம், மறுபடியும் காத்திருப்பு.

இவ்வளவு பாடுபட்டு ஏன் வளர்க்க வேண்டும்? ஜீன் சோதனை கிருமியின் டி.என்.ஏ.வைப் பார்க்கிறது. கிருமி உயிரோடு இருக்கிறதா என்று கல்ச்சர்தான் சொல்லும். மருந்தின் நடுவில் விட்டால் சாகிறதா என்றும் கல்ச்சர்தான் சொல்லும். மருந்து கலந்த குழாயையும், நூறில் ஒரு பங்காக நீர்த்த கிருமியை இட்ட மருந்தில்லாக் குழாயையும் போட்டியிட வைப்போம். மருந்துக் குழாய் முந்திக்கொண்டால், நூற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட கிருமிகள் அந்த மருந்துக்கு அடங்காதவை என்று பொருள். அந்த ஒரு சதவீதம்தான் எங்கள் எல்லைக்கோடு.

கேள்வி: ஜீன் சோதனை ‘ரிஃபாம்பிசின் எதிர்ப்பு உண்டு’ என்கிறது, கல்ச்சர் ‘இல்லை’ என்கிறது. யாரை நம்புவது?

உண்மையாகவே சிக்கலான கேள்வி. முதலில் ஜீன் சோதனை ரிப்போர்ட்டில் கிருமியின் அளவைப் பாருங்கள். ‘மிகக் குறைவு’ என்ற வரியோடு எதிர்ப்பு வந்திருந்தால், அதுவும் முன்பு சிகிச்சையே எடுக்காதவருக்கு வந்திருந்தால், புதிய சளியில் இன்னொரு முறை செய்ய வேண்டும். அரிதாக, ஜீனில் எழுத்து மாறினாலும் புரதம் மாறாத ஊமை மாற்றங்கள் உண்டு. அவையும் கருவியை ஏமாற்றும்.

ஆனால் கல்ச்சர் ஏமாறும் வழியும் இருக்கிறது. ஆர்.பி.ஓ.பி.யில் சில மாற்றங்கள் மிதமான எதிர்ப்பைத் தருகின்றன. அந்தக் கிருமிகள் மெதுவாக வளர்வதால் எம்ஜிஐடி போட்டியில் பின்தங்கி ‘மருந்துக்கு அடங்கியவை’ என்று பெயர் வாங்கிவிடும். நோயாளியின் உடலிலோ மருந்து தோற்கும். இவற்றைப் பிடிக்கத்தான் 2021-ல் உலக சுகாதார நிறுவனம் ரிஃபாம்பிசின் சோதனை அளவை மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராமிலிருந்து 0.5 ஆகக் குறைத்தது. ஆகவே ‘கல்ச்சர்தான் இறுதித் தீர்ப்பு’ என்ற பழைய பாடத்தை நான் இப்போது சொல்வதில்லை. முரண்பட்டால் அந்த ஜீனை எழுத்தெழுத்தாகப் படிக்கக் கேளுங்கள்.

எஸ்வாத்தினி நாட்டில் நடந்தது வேறு வகை. 2009-10-ல் சேகரித்த பல மருந்து எதிர்ப்புக் கிருமிகளை ஆராய்ந்தபோது, சுமார் 30 சதவீதத்தில் மாற்றம் அந்த 81 எழுத்துத் துண்டுக்கு வெளியே, 491-வது இடத்தில் இருந்தது. ஜீன்எக்ஸ்பெர்ட் அவற்றை ‘எதிர்ப்பு இல்லை’ என்று விட்டிருக்கும். எம்ஜிஐடியும் பெரும்பாலும் விட்டுவிடும். அங்கே மருந்து சரியாகச் சாப்பிட்டும் நோய் தணியாதவர்களிடமிருந்துதான் சந்தேகம் தொடங்க வேண்டும். எந்த ஊரிலும் அப்படித்தான்.

கேள்வி: இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். எடை கூடியிருக்கிறது, இருமல் இல்லை. ஜீன் சோதனை இன்னும் பாசிட்டிவ். மருந்து வேலை செய்யவில்லையா?

சிகிச்சை முன்னேற்றத்தைப் பார்க்க ஜீன் சோதனை செய்யவே கூடாது. செத்த கிருமியின் டி.என்.ஏ. மாதக்கணக்கில் சளியில் வரும். ஸ்லைடும் கல்ச்சரும் செய்யச் சொல்லுங்கள். ஸ்லைடிலும் செத்த கிருமி சிவப்பாகத்தான் தெரியும், எனவே தகராறு வந்தால் கல்ச்சர்.

கேள்வி: கழுத்துக் கட்டியிலிருந்து சதை எடுத்தார்கள். கல்ச்சருக்கு அனுப்பினால் ‘மாதிரி பொருத்தமற்றது’ என்கிறார்கள்.

ஃபார்மலினில் போட்டிருப்பார்கள். அதில் விழுந்த கிருமி செத்தது, பிறகு எங்கே வளரும்? திசுவைப் பார்க்கும் பிரிவுக்கு ஃபார்மலின் வேண்டும். எங்களுக்கு ஒரு சிறு துண்டு, மலட்டு உப்புநீரில் வேண்டும். அறுவைக்கு முன்பே இரண்டு குடுவை கேட்டு வைப்பது வீட்டாரால் முடிகிற காரியம்.

கேள்வி: குழந்தைக்குச் சளி துப்பத் தெரியாது. ரத்தப் பரிசோதனை போதாதா?

போதாது. தோலில் ஊசி போட்டுத் தடிப்பை அளப்பதும், ரத்தத்தில் இன்டர்ஃபெரான் காமா அளப்பதும் கிருமி எப்போதாவது உடலில் புகுந்ததா என்று மட்டுமே சொல்லும். இன்று நோய் இருக்கிறதா என்று சொல்லாது. ரத்தத்தில் எதிர்ப்பொருள் தேடும் சோதனைகளைச் செய்யவே வேண்டாம் என்று 2011-லேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. குழந்தைகள் சளியை விழுங்கிவிடுவார்கள். ஆகவே விடியற்காலை வெறும் வயிற்றிலிருந்து குழாய் வழியாக எடுத்த நீரிலும், மலத்திலும்கூட ஜீன்எக்ஸ்பெர்ட் செய்யலாம். நெகட்டிவ் வந்தாலும் குழந்தை விஷயத்தில் அதோடு விட்டுவிடக் கூடாது. எக்ஸ்ரேயும், வீட்டில் யாருக்கு நோய் இருந்தது என்ற தகவலும் சேர்ந்துதான் முடிவு.

கேள்வி: நான் நுண்ணுயிரியல் மாணவி. மரபணு வரிசையைப் படித்துவிட்டால் கல்ச்சருக்கு வேலை இருக்காது என்கிறார் எங்கள் பேராசிரியர். சரிதானா அம்மா?

உங்கள் பேராசிரியர் பாதி சரி. சளியிலிருந்தே நேரடியாகக் குறிப்பிட்ட ஜீன்களை வரிசைப்படுத்தும் முறையை 2024-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ரிஃபாம்பிசினுக்கு அது அருமையாக வேலை செய்கிறது. பைரசினமைடுக்கு அதைவிட நன்மை. அமில ஊடகத்தில் மட்டும் வேலை செய்கிற அந்த மருந்தைக் குழாயில் சோதிப்பது எங்களுக்குத் தீராத தலைவலி. கிருமியைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டாலே அமிலத்தன்மை குறைந்து பொய்யான எதிர்ப்பு காட்டும். அதற்கான மாற்றங்கள் பி.என்.சி.ஏ ஜீன் முழுவதும் சிதறிக் கிடப்பதால், குறிப்பிட்ட சில மாற்றங்களை மட்டும் தேடும் பட்டையும் உதவாது, முழு ஜீனையும் படித்தாக வேண்டும்.

பெடாகுவிலின் என்ற மருந்துக்கு வரும்போதுதான் தடுமாற்றம். ஆர்வி0678 என்ற ஜீனில் எங்கெங்கோ மாற்றங்கள் வருகின்றன. அவற்றில் எது எதிர்ப்பு, எது வெறும் வேறுபாடு என்று பலவற்றுக்கு இன்னும் தீர்ப்பு இல்லை. 2021-ல் மாற்றிய வரையறைப்படி, ரிஃபாம்பிசினோடு ஃபுளுரோகுயினலோன் வகை மருந்துக்கும், பெடாகுவிலின் அல்லது லைனசோலிட் என்ற மருந்துக்கும் அடங்காததுதான் தீவிர எதிர்ப்புக் காசநோய். அந்த முத்திரையை ஒருவர்மேல் குத்துவதற்கு முன் குழாயில் வளர்த்துப் பார்க்காமல் இருக்க எனக்கு மனம் வராது.

கேள்வி: என் மகளுக்குக் காசநோய் ஆய்வகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. தொற்றிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

ஸ்லைடு தேய்ப்பதில் ஆபத்து குறைவு. கல்ச்சரிலும் மருந்துச் சோதனையிலும்தான் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும். குழாயைக் குலுக்குவதும், மையச்சுழற்சிக் கருவியில் சுற்றுவதும் கண்ணுக்குத் தெரியாத துளிகளைக் காற்றில் விடும். அந்த வேலைக்குக் காற்றை வடிகட்டும் பாதுகாப்புப் பெட்டியும், காற்று வெளியே கசியாத அறையும், முகத்தில் பொருந்திய என்95 கவசமும் வேண்டும். இவை ஒழுங்காக இருக்கும் இடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்து நலமாக இருப்பவர்கள் ஏராளம்.

முதல் நாளே மகள் ஒன்றைக் கவனிக்கட்டும். மையச்சுழற்சி முடிந்ததும், குழாய்களை வைத்துச் சுற்றிய மூடியிட்ட வாளிகளை எங்கே திறக்கிறார்கள்? பாதுகாப்புப் பெட்டிக்குள் கொண்டுபோய், சற்றுப் பொறுத்துத் திறந்தால் நிம்மதியாக இருங்கள். மேசைமேல் வைத்தே திறந்தால் மேலாளரிடம் காரணம் கேட்கச் சொல்லுங்கள். புதிதாக வந்தவள் கேட்கலாமா என்று தயங்க வேண்டாம்.